ஜெண்டிங் ட்ரீமா, ஓவேஷனா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் பற்றிப் போன இதழில் ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இழுபறி: ஸ்டார்ட்ரீம் குரூஸஸின் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ்) ஜெண்டிங் ட்ரீமா, ராயல் கரீபியனின் ஓவேஷன் ஆஃப் த சீஸா? இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கே: நான், மனைவி, 14 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு மூட்டுவலி, பெரியவனுக்கு அலைச்சறுக்கில் ஆசை. ஆறு பேருக்கும் எந்தக் கப்பல்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (தஞ்சாவூர் வாசகர்)

ப: ஜெண்டிங் ட்ரீம். அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லியிருப்பார். வீட்டில் அப்படிச் சொல்பவர் யாரோ, அவருக்குத் தோதான கப்பலைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கே: இரண்டுமே மிதக்கும் ஓட்டல்தானே? இதில் ஒப்பிட என்ன இருக்கிறது? (சேலம் வாசகர்)

ப: நீங்கள் நினைப்பதைவிடவும் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே ஆண்டில் பிறந்தவை. ஜெர்மனியின் பாப்பன்பர்க் ஊரில் இருக்கும் மேயர் வெர்ஃப்ட் கப்பல் கட்டும் தளம் 2016-ல் இரண்டையும் கட்டி முடித்தது. அந்த ஊரில் கடல் கிடையாது, எம்ஸ் என்ற ஆறுதான். கட்டி முடித்த கப்பலைப் பின்பக்கம் முன்னால் வரும்படி அந்த ஆற்றில் மெல்ல நகர்த்திக்கொண்டு போய்த்தான் கடலில் விடுகிறார்கள்.

பிறந்த இடம் ஒன்றே தவிர வளர்ப்பு வேறு. ஜெண்டிங் ட்ரீம் ஆசியக் குடும்பங்களை மனதில் வைத்துக் கட்டியது. 335 மீட்டர் நீளம், 1,50,695 கிராஸ் டன். அதன் வெளிச்சுவரில் ஒரு கடற்கன்னியும் ஒரு விண்வெளி வீரனும் காதலிப்பதாக ஜாக்கி சாய் என்ற சீன ஓவியர் வரைந்த சித்திரம் இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஓவேஷன் அமெரிக்கர்களின் ரசனையில் வளர்ந்தது: 348 மீட்டர், 1,68,666 கிராஸ் டன், அங்கே விளையாட்டும் இயந்திரமும் முன்னால் நிற்கும்.

கே: டன் அதிகமென்றால் கப்பல் கனம், அதனால் ஆட்டம் குறைவு, சரிதானே? (நாகர்கோவில் வாசகர்)

ப: கிராஸ் டன் எடையைச் சொல்லும் கணக்கல்ல. கப்பலின் உள்ளே மூடப்பட்ட இடம் மொத்தம் எவ்வளவு என்பதை வைத்துப் போடும் எண். இதை நன்றாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் ஜெண்டிங் ட்ரீமில் 3,352 பேர், தலைக்கு 45 வருகிறது. ஓவேஷனில் 4,180 பேர், தலைக்கு 40. பெரிய கப்பலில்தான் நெரிசல் கொஞ்சம் கூடுதல்! கூடுதல் படுக்கைகளும் நிரம்பி ஓவேஷன் 4,905 பேருடன் போகும்போது அந்த 40 என்பது 34 ஆகிவிடும். விடுமுறை வாரங்களில் ஜெண்டிங் ட்ரீமிலும் ஒரு கேபினுக்கு மூன்று பேர், நாலு பேர் என்று ஏறுவார்கள், அங்கேயும் இந்த எண் இறங்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் கப்பலைவிட தேதியைக் கவனிக்க வேண்டும்.

கே: மே மாதப் பள்ளி விடுமுறையில் போகத் திட்டம். எது? (ஈரோடு வாசகி)

ப: உங்களுக்கான பதிலை நாள்காட்டியே சொல்லிவிடும். ஓவேஷன் ஊர் ஊராக மாறும் கப்பல், பல கோடைகளை அலாஸ்காவில் கழித்திருக்கிறது. சிங்கப்பூருக்குப் பருவத்துக்கு வந்து போகும். ஜெண்டிங் ட்ரீம் 2022 முதல் சிங்கப்பூரையே வீடாகக் கொண்டிருக்கிறது. நீங்கள் போகும் ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள். மே மாதத்தில் ஓவேஷன் அங்கே இல்லையென்றால் ஒப்பிடும் வேலையே மிச்சம்.

கே: என் 7 வயது மகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அவளுக்காக ஓவேஷன் என்று நினைத்திருக்கிறேன். படத்தில் அலையெல்லாம் தெரிகிறதே! (திருநெல்வேலி வாசகி)

ப: அந்தப் படத்தை நம்பி ஏறினால் குழந்தை அழும். நீங்கள் பார்த்தது ஃப்ளோரைடர், செயற்கை அலைச்சறுக்கு. பலகையில் படுத்துக்கொண்டு சறுக்கவே 132 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், நின்று சறுக்க 147. ஏழு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தொட மாட்டார்கள். ஓவேஷனில் சறுக்குக் குழாய்கள் கிடையாது, சின்னக் குழந்தைகள் தண்ணீரில் அளைய ஒரு மூலை உண்டு. ஜெண்டிங் ட்ரீமில் மேல்தளத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் தண்ணீர்ச் சறுக்குகள் இருக்கின்றன. உங்கள் மகளின் இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் ஓவேஷன் பக்கம் வைக்கிறேன். அதில் கூரை போட்ட உள்குளம் உண்டு. டிசம்பரில் சிங்கப்பூர்ப் பக்கம் மழை ஊற்றும் நாளில் அந்தக் கூரைக்குக் கீழேதான் எல்லாக் குழந்தைகளும் இருப்பார்கள்.

கே: அப்படியானால் 14 வயதுப் பையனுக்கு? (தஞ்சாவூர் வாசகரே, இரண்டாவது கடிதத்தில்)

ப: அவன் ஒருவனுக்காக என்றால் ஓவேஷன், சந்தேகமே வேண்டாம். காற்றில் மிதக்கவைக்கும் ஐஃப்ளை, அலைச்சறுக்கு, உள்ளரங்கில் மோதிக்கொள்ளும் பம்பர் கார், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டு. எல்லாம் இலவசம் என்று எண்ணிப் போகாதீர்கள், சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு, பலவற்றுக்கு முன்பதிவு வேண்டும். ஜெண்டிங் ட்ரீமிலும் அவனுக்குக் கயிற்றுப் பாலம், பாறையேற்றச் சுவர், பவுலிங் என்று பொழுது போகும். அவனுக்கு அது கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். பாட்டி நிம்மதியாக இருந்தால் அந்தக் குறையை அவன் தாங்கிக்கொள்வான்.

கே: நாங்கள் சுத்த சைவம். வெளிநாட்டுக் கப்பலில் பழத்தையும் ரொட்டியையும் தின்று நாள் கழிக்க வேண்டுமா? (மதுரை வாசகி)

ப: அந்தக் காலம் போய்விட்டது. ஜெண்டிங் ட்ரீமில் இந்தியப் பயணிகள் ஏராளம் என்பதால் சைவ உணவும் ஜைன உணவும் வழக்கமான ஏற்பாட்டிலேயே இருக்கின்றன. ஹலால் சான்று பெற்ற கப்பலும்கூட, இஸ்லாமியக் குடும்பங்கள் கவலைப்படாமல் சாப்பிடலாம். ஓவேஷனில் கொஞ்சம் வாய் திறக்க வேண்டும். முதல் நாள் இரவே பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் உங்கள் மேசையைக் கவனிக்கும் ஹெட் வெயிட்டரிடம் "இந்தியச் சைவம்" என்று சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து தனியாகச் செய்து கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டிலும் வடநாட்டுச் சமையலின் கைதான் ஓங்கியிருக்கும். தயிர்சாதமும் ரசமும் இல்லாமல் தூக்கம் வராத பெரியவர்கள் இருந்தால் மூன்று இரவுக்கு மேல் போக வேண்டாம்.

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் எடுத்துப் போகாதீர்கள். தீ விபத்துக்கு அஞ்சி, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கே: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கப்பலுக்குள் லிஃப்ட் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை? (கோவை வாசகர்)

ப: கவலை கப்பலுக்குள் இல்லை, கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கப்பலில் போனேன். ஊர் வந்த அன்று காலை எல்லோரும் தொப்பியும் பையுமாகக் கீழ்த்தளத்துக்குப் போனோம். கப்பல் கரையை ஒட்டவில்லை, நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு படகுக்குள் எட்டு வைத்து இறங்க வேண்டும். அம்மா படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு என்ன பாக்க வேண்டியிருக்கு" என்றார். டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பயண நிறுவனத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் திரும்பி வரும்வரை மேல்தளத்தில் கரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கப்பலின் பெயரைவிட அந்த நாற்காலிதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகவே, கப்பலின் பெயரைக் கேட்கும் முன் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள். பினாங்கில் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், நடந்தே இறங்கலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் வழக்கமாகப் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போடும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் பொங்கும், படகு விடாமல் போகும் நாளும் உண்டு. இது இரண்டு கப்பலுக்கும் பொதுவான சங்கடம். உங்கள் அம்மாவோடு என்றால் பினாங்கு உள்ள பயணமாக எடுங்கள், அது எந்தக் கப்பலாக இருந்தாலும் சரி.

கே: பினாங்கில் இறங்கினால் வயதானவர்களுக்கு என்ன இருக்கிறது? (கோவை வாசகரே)

ப: துறையிலிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. கடைகளில் தமிழ், காற்றில் வறுத்த காப்பி. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கப்பலின் கரைச்சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமலே ஒரு முழுக் காலைப் பொழுது நிறையும். உங்கள் அம்மா அங்கே யாரோடாவது பேச ஆரம்பித்துவிட்டால் திரும்பக் கூட்டி வருவதுதான் சிரமம்.

கே: "கோலாலம்பூர்" என்று போட்டிருக்கும் பயணம் எப்படி? (விழுப்புரம் வாசகர்)

ப: கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். அங்கிருந்து கோலாலம்பூர் நகரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு மணி, வர ஒரு மணி, போக்குவரத்து நெரிசல் தனி. அன்று கப்பலிலேயே இருங்கள். குளமும் சறுக்கும் காலியாகக் கிடக்கும்.

கே: ஜன்னல் இல்லாத உள் கேபின் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

ப: தூங்க மட்டுமே கேபின் என்பவருக்குத் தாராளமாக எடுக்கலாம். இதில் ஓவேஷனிடம் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: அதன் உள் கேபின்களில் சுவர் உயரத்துக்குத் திரை வைத்து, வெளியே இருக்கும் கடலை அந்த நேரத்திலேயே நேரடியாகக் காட்டுகிறார்கள். விடிந்ததா இல்லையா என்று தெரியாத திணறல் அதில் இல்லை. ஜெண்டிங் ட்ரீமில் பத்தில் ஏழு கேபின்களுக்குப் பால்கனி உண்டு. வெளியே அதிகம் நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களுக்குப் பால்கனி எடுங்கள், உங்களுக்கு உள் கேபின் எடுங்கள். பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கே: ஜெண்டிங் கம்பெனி திவாலாகிவிட்டதாமே! பணம் கட்டலாமா? (வேலூர் வாசகர்)

ப: நீங்கள் கேள்விப்பட்டது ஜெண்டிங் ஹாங்காங். கொரோனா அடித்த அடியில் 2022 ஜனவரியில் அது கலைப்புக்குப் போனது, அதன் ட்ரீம் குரூஸஸும் அப்போது நின்றுபோனது. அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற புதிய நிறுவனம் இதே கப்பலை சிங்கப்பூரிலிருந்து ஓட்டத் தொடங்கியது. எந்தக் கப்பலானாலும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், பயணக் காப்பீடு எடுங்கள். ரொக்கத்தை முகவர் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கே: ஜெண்டிங் ட்ரீம் இரண்டு இரவு, ஓவேஷன் நாலு இரவு. முதலாவது பாதி விலைக்கும் குறைவு. லாபம்தானே? (கரூர் வாசகி)

ப: இரவை எண்ணாதீர்கள், முழுப் பகலை எண்ணுங்கள். முதல் நாள் மதியம் ஏறி, கடைசி நாள் காலையில் இறங்கிவிடுவீர்கள். இரண்டு இரவுப் பயணத்தில் முழுதாகக் கிடைப்பது ஒரே பகல். மூன்று இரவில் இரண்டு, நாலு இரவில் மூன்று. மொத்தச் செலவை அந்த எண்ணால் வகுத்தால் இரண்டு இரவுப் பயணம் அவ்வளவு மலிவில்லை என்பது புரியும். அதுவும் ஊரிலிருந்து விமானம் ஏறிப் போகிறவர்களுக்கு.

மொத்தச் செலவு என்பதில் டிக்கெட்டோடு துறைமுக வரி, பணியாளர் டிப்ஸ், வைஃபை, கரைச்சுற்றுலா எல்லாம் சேர்த்தி. டிப்ஸைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ராயல் கரீபியனில் தலைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 18 டாலர், குழந்தைக்கும் அதே. நாலு பேர், நாலு இரவு என்றால் 288 டாலர். மதுபான பேக்கேஜிலும் அங்கே ஒரு விதி இருக்கிறது: ஒரு கேபினில் பெரியவர் ஒருவர் வாங்கினால் அந்தக் கேபினில் இருக்கும் எல்லாப் பெரியவர்களும் வாங்க வேண்டும். குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். கப்பல் ஏறியதும் கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், நடுக்கடல் ரோமிங் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தைக் கடிக்கும்.

கே: தனியாகப் போக ஆசைப்படுகிறேன். வயது 58. கேலி செய்கிறார்கள். (கும்பகோணம் வாசகி)

ப: கேலியை விடுங்கள், ஓவேஷனைப் பாருங்கள். அதில் ஒருவருக்கென்றே அளவெடுத்துக் கட்டிய ஸ்டூடியோ கேபின்கள் உண்டு. மற்ற கேபின்களில் தனியாகப் போனாலும் பெரும்பாலும் இரண்டு பேர் பணம் கேட்பார்கள். ஸ்டூடியோ கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும், முந்திக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டு மேசையில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார விருப்பம் என்று சொன்னால் அப்படியே இடம் தருவார்கள். போய்வந்து எழுதுங்கள், ஆவலோடு காத்திருப்பேன்.

கே: மனைவிக்கு ஆறாம் மாதம். (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ப: 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் இரண்டு கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகட்டும், மூவராகப் போங்கள்.

கே: விசா? (திண்டுக்கல் வாசகர்)

ப: முக்கியமான ஒன்று: கப்பல் திரும்பி வந்து நீங்கள் சிங்கப்பூரில் இறங்குவது புதிய நுழைவு. ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு ஏறிவிடாதீர்கள். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 இறுதியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தன. அது மாறக்கூடிய சலுகை, பணம் கட்டும் அன்று மறுபடி சரிபாருங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பும் நாளன்று காலை விமானத்தில் போய் இறங்குவது வேண்டவே வேண்டாம், முதல் நாளே போய்விடுங்கள்.

கே: சிங்கப்பூர்வரை எதற்கு? சென்னையிலிருந்தே கப்பல் போகவில்லையா? (தாம்பரம் வாசகர்)

ப: போயிருக்கிறது. 2022 ஜூனில் கார்டேலியா குரூஸஸின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது, 2023-ல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. 1990-ல் கட்டிய கப்பல், 48,563 கிராஸ் டன், இந்த இரண்டில் எதனோடு ஒப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தைப் பார்ப்பதற்காகவே நான் அதில் ஏறுவேன். சறுக்கும் ஐஃப்ளையும் அதற்கு ஈடாகாது. பருவத்துக்குப் பருவம் வழித்தடம் மாறுகிறது, சென்னை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கே: இவ்வளவு பெரிய கப்பல்கள் கடலைக் கெடுக்கின்றனவே. இரண்டில் எது பரவாயில்லை? (சென்னை கல்லூரி மாணவி)

ப: நேர்மையாகச் சொன்னால், இதை வைத்து இரண்டில் ஒன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுமே இயற்கை எரிவாயுவில் ஓடும் புதுத் தலைமுறைக் கப்பல்கள் அல்ல, எண்ணெய் எரிப்பவை. மாற்றம் சட்டத்தால்தான் வந்திருக்கிறது: 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கப்பட்டது. புகையைக் கழுவிய தண்ணீரைத் தன் துறைமுகக் கடலில் விடுவதற்கும் சிங்கப்பூர் அதே ஆண்டு தடை போட்டது. உங்கள் உறுத்தல் நியாயமானது. அடிக்கடி போக வேண்டிய விடுமுறை இல்லை இது.

கே: என் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஜெண்டிங் ட்ரீமாம், மூன்று இரவாம். எனக்கு 70 வயது. கடல் என்றால் பயம். வாந்தி வந்தால் பிள்ளைகளின் சந்தோஷம் கெட்டுவிடுமே என்றுதான் கவலை. (மயிலாடுதுறை வாசகி)

ப: அம்மா, இந்தப் பக்கம் முழுக்க நான் பேசிக்கொண்டிருந்தது உங்களைப் பற்றித்தான். பினாங்குப் பக்கம் போகும் மலாக்கா நீரிணையை ஒரு பக்கம் சுமத்ரா தீவும் மறுபக்கம் மலேசியாவும் அணைத்துக்கொண்டிருக்கின்றன, பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். கப்பலின் வயிற்றுப் பகுதியில் இரண்டு பக்கமும் துடுப்புபோல நீளும் தகடுகள் ஆட்டத்தை அடக்கும். மகனிடம் சொல்லி, கீழ்த்தளங்களில், நீளவாக்கில் கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேட்டு வாங்குங்கள். ஏறி இறங்கும் சீ-சா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவில்லையா, அதே கணக்கு. வாந்திக்கான மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனேயே இதை நடத்த வேண்டும் என்று உலகம் முழுவதும் விதி வந்தது. பிள்ளைகள் சலித்துக்கொண்டாலும் நீங்கள் கவனமாகக் கேளுங்கள். உங்கள் உயிர்காப்புப் படகு எந்தத் தளத்தில் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். காலையில் ஐந்தரைக்கு எழும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். எழுந்ததும் மேல்தளத்துக்கு வாருங்கள். அந்த நேரத்தில் அங்கே கூட்டமே இருக்காது.

கேபின் எண் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தத் தளம், நடுவா முனையா என்று பார்த்துச் சொல்கிறேன். முனையில் இருந்தால் மாற்றிக் கேட்க இன்னும் நேரம் இருக்கும்.